மடிந்த காதும் மடங்காத காலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பது பெரியோர் வாக்கு. அந்தப் பூனையின் காலம் வந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. அடுப்பங்கரையில் குளிர்காய்ந்து, எலி பிடித்து, பால் சட்டியை உருட்டியதற்காக விளக்குமாற்றால் அடி வாங்கிக்கொண்டிருந்த பிராணி, இன்று இனப் பெயரோடும் வம்சாவளிச் சான்றிதழோடும் விலைக்கு வருகிறது. பாரசீகப் பூனை, சயாமியப் பூனை என்று முன்பே கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த வரிசையில் இப்போது இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்திருப்பது ஸ்காட்டிஷ் ஃபோல்ட் என்னும் மடிகாதுப் பூனை.

இதன் படத்தைக் கைப்பேசியில் பார்க்காதவர் நம் கல்லூரியில் குறைவாகவே இருப்பர். உருண்டை முகம், உருண்டைக் கண், தலையோடு ஒட்டி முன்பக்கமாக மடிந்து கிடக்கும் சின்னஞ்சிறு காதுகள். ஆந்தைக் குஞ்சுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டியது போன்ற தோற்றம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இவ்வகைப் பூனைகளை வளர்ப்பவர் என்பதைச் சில நண்பர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். நான் விலங்கியல் மாணவன் என்பதால், "இதை வாங்கலாமா? எப்படி வளர்ப்பது?" என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குக் காரணம் சொல்ல ஒரு கட்டுரை தேவைப்படுகிறது. ஏனெனில், அந்தக் காதின் அழகும் அந்தப் பூனையின் நோயும் வெவ்வேறு அல்ல, இரண்டும் ஒன்றே.

பூனையின் காது

முதலில் சாதாரணப் பூனையின் காதைக் கொஞ்சம் பார்ப்போம். நம் வீட்டு முற்றத்தில் படுத்திருக்கும் பூனை கண்ணை மூடிக்கொண்டிருக்கும். காது மட்டும் தூங்காது. ஒரு காது தெருப்பக்கம் திரும்பியிருக்கும், மற்றொன்று சமையலறைப் பக்கம். பூனையின் காதுகளை அசைக்க முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் இருப்பதாகக் கூறுவர். செவிமடலை 180 பாகை வரை திருப்பி, ஒலி வரும் திசையை அது அளந்துவிடுகிறது. மனிதன் கேட்கக்கூடிய ஒலியின் மேல் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். பூனைக்கோ ஏறக்குறைய 85,000. நம் காதுக்கே எட்டாத எலிக்குஞ்சின் கீச்சொலியும் அதற்குக் கேட்கும்.

காது கேட்பதற்கு மட்டுமா? பேசுவதற்கும்தான். கோபம் கொண்ட பூனை காதைப் பின்னால் மடக்கித் தலையோடு ஒட்டவைத்துக்கொள்வதை டார்வின் 1872ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எதிரே நிற்கும் பூனை அந்தக் காதைப் படித்துத்தான் சண்டையா சமாதானமா என்று முடிவு செய்கிறது.

இத்தனை வேலை செய்யும் மடல் எலும்பால் ஆனதன்று. சென்ற பருவத்தில் செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியின் கீழ் நாம் பார்த்த மீள்தன்மைக் குருத்தெலும்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வலைபோல் பின்னிய மஞ்சள் இழைகள், இடையிடையே சிறு குழிகளில் உட்கார்ந்திருக்கும் செல்கள். மடக்கினால் மடங்கி, விட்டால் நிமிர்ந்துகொள்வது இதன் இயல்பு. ஆக, ஒரு பூனையின் காது பிறவியிலேயே நிமிராமல் மடிந்து விழுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது குருத்தெலும்பைத்தான். குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போவோம்.

சூசியின் வம்சம்

1961ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்து நாட்டின் பெர்த்ஷயர் பகுதியில் கூப்பர் ஆங்கஸ் என்னும் ஊரின் அருகே ஒரு பண்ணை. வில்லியம் ராஸ் என்பவர் ஆடு மேய்ப்பவர். (ஆடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குச் சற்றே பெருமை. மேய்ப்பவர் கண்ணுக்கு விலங்கின் காது தப்பாது.) பண்ணையில் எலி பிடித்துத் திரிந்த வெள்ளைப் பூனை ஒன்றின் காதுகள் முன்பக்கம் மடிந்திருப்பதை அவர் கண்டார். அதன் பெயர் சூசி. அது ஈன்ற குட்டிகளிலும் மடிந்த காது இருந்தது. ராஸும் அவர் மனைவி மேரியும் ஒரு வெள்ளைக் குட்டியைக் கேட்டு வாங்கி வளர்த்தனர். அதற்கு ஸ்னூக்ஸ் என்று பெயர். சூசி பிறகு சாலையில் கார் மோதி இறந்துபோயிற்று. இன்று உலகெங்கும் இருக்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனைகள் அத்தனையும் அந்த ஒரு பண்ணைப் பூனையின் வம்சம்.

வீட்டு விலங்குகளுக்குக் காது தொங்குவது புதிதல்ல. ஆடு, நாய், முயல், பன்றி எல்லாவற்றிலும் தொங்குகாது இனங்கள் உண்டு. ஏதாவதொரு நாட்டில் காது தொங்காத வளர்ப்பு விலங்கே இல்லை என்று டார்வின் 1859இல் எழுதினார். பூனை மட்டும் மனிதனோடு எத்தனையோ நூற்றாண்டு வாழ்ந்தும் காதைத் தொங்கவிடாமலே வந்தது. ஆகவே சூசியின் காது அதிசயமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ராஸ் தம்பதியர் மரபியல் அறிஞர் பாட் டர்னர் என்னும் அம்மையாரின் துணையோடு இனப்பெருக்கத்தில் இறங்கினர். முதல் மூன்றாண்டுகளில் பிறந்த குட்டிகள் 76. அவற்றில் மடிந்த காது 42. நேரான காது 34. நம் மெண்டல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா? மடிகாதுப் பண்பு ஓங்கு பண்பு. மடிகாதுப் பூனை அந்த ஜீனை ஒற்றையாகக் கொண்டது. அதை நேர்காதுப் பூனையோடு சேர்த்தால் குட்டிகள் பாதிக்குப் பாதி. எல்லாக் குட்டிகளும் அவ்விதச் சேர்க்கையில் பிறந்தவை என்று கொண்டு கணக்கிட்டால், எதிர்பார்க்கும் எண்ணிக்கை 38, 38. கை-வர்க்கச் சோதனையில் மதிப்பு 0.84 வருகிறது. அட்டவணை எல்லையான 3.84க்கு மிகவும் கீழே. அதாவது 42க்கும் 38க்கும் உள்ள வேறுபாடு தற்செயலானது. மெண்டலின் விகிதம் நிற்கிறது. புள்ளியியல் தாளில் பட்டாணிச் செடியையே திரும்பத் திரும்பக் கொடுப்பதற்குப் பதில் இந்தப் பூனைக் கணக்கைக் கொடுக்கலாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்!

இந்தக் குட்டிகள் பிறக்கும்போதே மடிந்த காதோடு பிறப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லாக் குட்டிகளும் நேர்காதோடுதான் பிறக்கும். ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில்தான் சிலவற்றின் காது மடியத் தொடங்கும்; மற்றவை நேராகவே வளரும். ஒரே தாயின் மடியில் பால் குடிக்கும் நான்கு குட்டிகளில் எவை எந்தப் பக்கம் என்பது அதுவரை கண்ணுக்குத் தெரியாது.

காதைப் பார்த்துப் பயந்தார்கள்

பிரிட்டனில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் ஆட்சிக் குழு ஒன்று உண்டு. ஜி.சி.சி.எஃப். என்று எழுத்துகளால் குறிப்பிடுவர். 1966இல் மடிகாதுப் பூனைகளைப் பதிவு செய்துகொண்ட அக்குழு, 1971இல் பதிவை நிறுத்திவிட்டது. மடிந்த காதுக்குள் உண்ணி சேரும், சீழ் பிடிக்கும், காது கேளாமல் போகும் என்று அஞ்சினார்கள். செவிடு பற்றிய அச்சத்தில் வேறொரு செய்தியும் கலந்திருக்கலாம். சூசியும் ஸ்னூக்ஸும் வெள்ளைப் பூனைகள். வெள்ளை உடலும் நீலக் கண்ணும் கொண்ட பூனைகளில் செவிடு மிகுதி. அது மடிகாது ஜீனின் வேலையன்று. வெள்ளை நிறத்து ஜீனின் வேலை.

ஆக, எல்லோரும் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயோ காலில் இருந்தது.

மடிகாதோடு மடிகாதைச் சேர்த்தால் என்ன ஆகும்? நான்கில் ஒரு குட்டிக்கு மடிகாது ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரட்டையாக வந்து சேரும். அத்தகைய குட்டிகளின் வால் குட்டையாகவும் தடித்தும் விறைத்தும் போயிற்று. பாதங்கள் பருத்தன. கணுக்காலைச் சுற்றி எலும்பு முண்டு முண்டாக வளர்ந்து மூட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. நடை கட்டை நடையாகி, பிறகு நடையே நின்றது. 1970களில் ஆலிஃபன்ட் ஜாக்சன் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை எடுத்துச் சொன்னார்.

அதற்குள் சில மடிகாதுப் பூனைகள் கடல் தாண்டி அமெரிக்கா போயிருந்தன. அங்கு அவற்றைப் பிரிட்டிஷ், அமெரிக்கக் குட்டைமயிர்ப் பூனைகளோடு சேர்த்து இனத்தை வளர்த்தனர். 1978இல் அந்நாட்டுப் பெரிய பூனைச் சங்கமாகிய சி.எஃப்.ஏ. அவற்றைப் போட்டிக்கு ஏற்றுக்கொண்டது. மடிகாதோடு மடிகாதைச் சேர்க்காமல் இருந்தால் போதும், ஒற்றை ஜீன் தீங்கு செய்யாது என்பது வளர்ப்போரின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நியாயத்தின் மீது அந்த இனம் இருபதாண்டு நின்றது.

1999இல் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் மாலிக் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒற்றை ஜீன் மட்டும் உள்ள மடிகாதுப் பூனைகளின் கால் மூட்டுகளை எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தால் அங்கும் அதே நோய். இரட்டை ஜீன் உள்ளவற்றுக்கு விரைவாகவும் கடுமையாகவும் வருவது, இவற்றுக்கு மெதுவாகவும் பல அளவுகளிலும் வருகிறது. சில பூனைகள் இரண்டு மூன்று வயதிலேயே நொண்டும். சில நெடுநாள் நன்றாக நடமாடும். எது எந்த வகை என்று குட்டியைப் பார்த்துச் சொல்ல இயலாது.

2016இல் அந்த ஜீனே அகப்பட்டுவிட்டது. டி.ஆர்.பி.வி.4 என்பது அதன் பெயர். செல்லின் சவ்வில் கால்சியத்தை உள்ளே விடும் வாயிற்கதவு போன்ற ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. குருத்தெலும்புச் செல்களில் இந்தக் கதவுக்கு முக்கிய வேலை உண்டு. மடிகாதுப் பூனையில் அப்புரதத்தின் 342ஆம் இடத்தில் வேலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபீனைல்அலனின் வந்து உட்கார்ந்திருக்கிறது. கதவு சரியாகத் திறந்து மூடாததால் குருத்தெலும்பு வளர்ச்சியே தடம் மாறுகிறது. ஒரே ஓர் எழுத்துப் பிழை! இதே ஜீனில் வேறு மாற்றங்கள் நேர்ந்தால் மனிதருக்கும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகள் வருகின்றன.

நாம் மனத்தில் வைத்துக்கொண்ட கேள்விக்கு விடை இதுதான். குருத்தெலும்பு காதில் மட்டும் இல்லை. வளரும் பருவத்தில் எலும்புகள் நீள்வதே குருத்தெலும்புத் தட்டுகளால்தான். ஒவ்வொரு மூட்டின் முனையிலும் அதுவே மெத்தையாக இருக்கிறது. காதை மடிய வைத்த அதே பிழை, உடம்பில் குருத்தெலும்பு உள்ள இடமெல்லாம் இருக்கிறது. கால் நன்றாக இருக்கட்டும், காது மட்டும் மடியட்டும் என்று வளர்ப்பவர் தேர்ந்தெடுக்க அங்கே இரண்டு ஜீன்கள் இல்லை.

இனி, கைப்பேசியில் பலர் ரசித்துப் பகிரும் ஒரு படத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மடிகாதுப் பூனை மனிதனைப்போல் பிட்டத்தை ஊன்றிப் பின்னங்கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும். புத்தர் ஆசனம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நல்ல கால் உள்ள பூனையும் சில வேளைகளில் இப்படி உட்காரலாம். ஆனால் மடக்கினால் வலிக்கும் மூட்டு உள்ள பூனைக்கு வேறு எப்படி உட்கார வரும்? அந்தப் படத்தைப் பார்த்து என்னால் முன்போல் சிரிக்க முடியவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நெதர்லாந்து நாடு 2014 முதல் மடிகாதுப் பூனைகளை இனப்பெருக்கம் செய்வதைத் தடுத்தது. 2026 சனவரி முதல் நாளிலிருந்து புதிதாக அவற்றை வைத்துக்கொள்வதையும் தடை செய்திருக்கிறது. முன்பே பிறந்து அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட பூனைகளை அவற்றின் ஆயுள் உள்ளவரை வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இந்த நோய் ஜீனோடு இனப்பெருக்கம் செய்வது குற்றம். பிறந்த நாடான பிரிட்டனில் ஜி.சி.சி.எஃப். இன்றுவரை பதிவு செய்வதில்லை. அமெரிக்கச் சங்கங்கள் பதிவு செய்கின்றன. ஆகவே "பதிவுச் சான்றிதழ் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், அது பூனையின் வம்சத்துக்குச் சான்றே தவிர அதன் மூட்டுகளுக்குச் சான்று ஆகாது. 'ஹைலேண்ட் ஃபோல்ட்' என்று நீண்ட மயிரோடு விற்கப்படுவதும் இதே ஜீன்தான். பெயர் மாறினால் நோய் மாறாது.

எனவே என் ஒரு வரிப் பதில்: காது மடிந்த குட்டியை வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை ஒருவர் வாங்கும்போதும் அடுத்த ஈற்றுக்குப் பணம் கொடுக்கிறார்.

"அந்த உருண்டை முகந்தான் எனக்குப் பிடித்தது" என்பவருக்கு வழி இருக்கிறது. அதே ஈற்றில் பிறந்து காது மடியாமல் போன குட்டிகளை ஸ்காட்டிஷ் ஸ்ட்ரெய்ட் என்பார்கள். அதே முகம், அதே கண், அதே சாதுவான குணம். மடிகாது ஓங்கு பண்பு ஆகையால், காது மடியவில்லையென்றால் பொதுவாக அந்த ஜீன் இல்லை என்று பொருள். ஐயம் இருந்தால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பி ஜீன் சோதனை செய்துகொள்ளலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வகம் போன்ற இடங்களில் இச்சோதனை நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நோயில்லாத இந்தக் குட்டிதான் சந்தையில் மலிவு.

எந்தப் பூனையானாலும் எப்படிப் பார்த்து வாங்குவது? என் தந்தையார் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்லர். சந்தையில் ஆடு வாங்கும்போது முகத்தையும் காதையும் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கயிற்றை அவிழ்த்து நடக்க விடச் சொல்வார். திரும்பச் சொல்வார். முழங்காலைத் தடவிப் பார்ப்பார். மடிகாதுப் பூனையின் படத்தை நான் ஒரு நாள் அவரிடம் காட்டினேன். ஜீனைப் பற்றி நான் வாயெடுக்குமுன் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது மதில் ஏறுமாடா?"

மருத்துவர்கள் பார்க்கச் சொல்வதும் இவற்றைத்தான். குட்டியைத் தரையில் விட்டு ஓடவிட வேண்டும். நாற்காலி உயரத்துக்குத் தானாகத் தாவுகிறதா, தாவிய பின் இறங்கத் தயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வாலை அடியிலிருந்து நுனி வரை மெதுவாகத் தடவினால் கயிறுபோல் வளைய வேண்டும். குச்சிபோல் விறைத்தாலோ, குட்டி கத்தினாலோ விட்டுவிடுவது நல்லது. பாதங்கள் நான்கும் ஒரே பருமனாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லிக் கேட்பது மிக மிக நல்லது.

விந்தைக் காதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு அமெரிக்கன் கர்ல் என்று ஓரினம் உண்டு. 1981இல் கலிபோர்னியாவின் லேக்வுட் நகரில் ஜோ ரூகா, கிரேஸ் ரூகா தம்பதியர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த கறுப்புத் தெருப்பூனை ஷூலமித் இதன் மூதாதை. இதன் காது முன்னால் மடிவதில்லை. பூவிதழ்போல் பின்பக்கமாகச் சுருள்கிறது. இதுவும் ஓங்கு பண்பே. ராய் ராபின்சன் என்னும் இங்கிலாந்து மரபியலறிஞர் 81 ஈற்றுகளில் பிறந்த 383 குட்டிகளின் விவரங்களை ஆராய்ந்து இதை உறுதி செய்தார். ஜீன் இரட்டையாக வந்த பூனைகளிலும் மடிகாதுப் பூனையில் கண்டது போன்ற எலும்பு நோய் இதில் காணப்படவில்லை. குட்டிகள் நேர்காதோடு பிறந்து முதல் வாரத்திலேயே சுருளத் தொடங்கும். கூடிக் குறைந்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில் நிலைத்துவிடும். இதன் காதுக் குருத்தெலும்பு மற்றப் பூனைகளைவிடக் கெட்டியானது. விளையாட்டாகக் காதை நேராக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ள குழந்தைகளை அருகில் விடக்கூடாது, குருத்தெலும்பு ஒடிந்துபோகும். அது தவிர, வாரம் ஒரு முறை காதைப் பார்ப்பதற்கு மேல் தனிப் பராமரிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. எலும்பைக் கெடுக்காமல் காதை மட்டும் மாற்றும் ஜீனும் இயற்கையில் உண்டு என்பதற்கு இது சாட்சி. சூசிக்கு அந்த அதிருஷ்டம் வாய்க்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால்

ஒருவர் பரிசாகக் கொடுத்தது, அல்லது விவரம் அறியாமல் வாங்கியது என்று மடிகாதுப் பூனை வீட்டுக்கு வந்துவிட்டால், அதைத் தெருவில் விடுவது பெரும் பாவம். நோய்க்கு முழுத் தீர்வு இல்லை. ஆனால் வலியைக் குறைத்து நெடுநாள் வாழவைக்கலாம்.

காதுப் பராமரிப்பு எளிது. வாரம் ஒரு முறை மடிப்பை விரலால் மெல்லத் தூக்கி உள்ளே பார்க்க வேண்டும். பூனையின் செவிக்குழாய் நேரானதன்று. கீழே இறங்கிப் பின் உள்ளே திரும்பும். ஆகவே குச்சியில் சுற்றிய பஞ்சை உள்ளே விட்டால் அழுக்கு வெளியே வராது, உள்ளேதான் போகும். மருத்துவர் கொடுக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் துடைக்க வேண்டும். காபித்தூள் போன்ற கருந்துகள் காதில் இருந்து, பூனையும் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தால் காதுச் சிற்றுண்ணி வந்திருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றும் வைத்தியம் வேண்டாம்.

காலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. நாயைப்போல் ஊளையிடாது. முன்பு ஏறிய சன்னலில் ஏறாமல் இருப்பது, தூக்கினால் சீறுவது, முதுகு மயிர் சிக்குப் பிடிப்பது, நகம் தேயாமல் வளர்ந்து வளைவது, மணல் தட்டுக்கு வெளியே மலம் கழிப்பது, இவையே அதன் மொழி. முதுகைத் திரும்பி நக்க முடியாததால் மயிர் சிக்காகிறது. விளிம்பு உயர்ந்த தட்டைத் தாண்டக் கால் வராததால் வெளியே போகிறது. "பூனை சோம்பேறியாகிவிட்டது, அசுத்தம் செய்கிறது" என்று அடிக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிடலாம். அது விரும்பி உட்காரும் சன்னலுக்கும் கட்டிலுக்கும் மரப்பெட்டிகளைப் படியாக அடுக்கலாம். வழவழப்பான தரையில் கோணி அல்லது பாய் விரிக்கலாம். குளிர்காலத்தில் படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும். உடம்பு எடை கூடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். மாதம் ஒரு முறை பூனையைக் கையில் வைத்துக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு தனியே நின்று கழித்தால் அதன் எடை கிடைத்துவிடும். பாலும் சோறும் மட்டும் போட்டு வளர்ப்பது எந்தப் பூனைக்கும் போதாது. பூனை இறைச்சி உண்ணி. டாரின் என்னும் பொருளைத் தேவையான அளவு அதன் உடம்பு தானே செய்துகொள்ளாது. அது உணவில் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மீன், கோழி, அல்லது பூனைக்கென்றே தயாரித்த உணவு வேண்டும். இனப்பெருக்கம் நடவாதபடி கருத்தடை செய்துவிட வேண்டும்.

வலி அதிகமானால் கால்நடை மருத்துவர் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, பூனைக்கு உகந்த வலி மருந்தை உகந்த அளவில் கொடுப்பார். கடுமையான நிலையில் சில நாடுகளில் மூட்டுகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

மருந்து பற்றி ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் காய்ச்சலோ தலைவலியோ என்றால் கை முதலில் போவது பாரசிட்டமால் மாத்திரைக்குத்தான். நொண்டும் பூனைக்கும் இரக்கப்பட்டு அதில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர் உண்டு. மனிதனின் கல்லீரல் அம்மருந்தை ஒரு வகைச் சர்க்கரையோடு சேர்த்து வெளியேற்றிவிடுகிறது. அதற்குரிய நொதி பூனையிடம் வேலை செய்யும் நிலையில் இல்லை. மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். தவறிக் கொடுத்துவிட்டால் மாற்று மருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப் போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.